வேதமும் விண்ணும்

சமயமும் அறிவியலும் பற்றிப் பேச முற்படுவோர் நாவில் முதலில் வந்து நிற்கும் பெயர் கலீலியோ. 1633ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அம்முதியவர் உரோமை நகரில் சமய விசாரணை மன்றத்தின்முன் முழந்தாளிட்டு, பூமி இயங்குகிறது என்னும் கொள்கையைக் கைவிடுவதாக உறுதிமொழி படித்தார். நம் பட்டிமண்டபங்களுக்கு இக்காட்சி வற்றாத ஊற்று. கிறித்தவத் திருச்சபை அறிவியலை ஒடுக்கிற்று, நம் மார்க்கமோ அதனை வளர்த்தது என்று தீர்ப்பு வழங்கிவிட்டால் கைதட்டலுக்குக் குறைவிராது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் வில்லியம் டிரேப்பர் 1874இல் வெளியிட்ட நூலும் இத்தகைய பேச்சுக்குத் துணைநின்றது. சமயத்துக்கும் அறிவியலுக்கும் தீராப் பகை என்று நிறுவ முயன்ற அவர், கத்தோலிக்கத் திருச்சபையைச் சாடிய அதே வேகத்தில் அரபியரின் அறிவியற் பணியைப் புகழ்ந்தார். புகழுரை இனிக்கத்தான் செய்கிறது. ஆயினும் பக்கத்து வீட்டாரை வைதுகொண்டே நம்மைப் புகழ்பவரை எவ்வளவு தூரம் நம்புவது? டிரேப்பரின் பகைமைக் கோட்பாட்டை இன்றைய அறிவியல் வரலாற்றறிஞர் பெரும்பாலும் ஏற்பதில்லை.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இப்பொருளில் என்ன வேலை என்று கேட்கலாம். எமக்கு இவ்வழியைக் காட்டியது ஒரு சிற்றிலக்கியம். வகுப்பில் குற்றாலக் குறவஞ்சியை நடத்தும்போது, ஒப்புமை கருதித் தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியையும் யாம் தொட்டுச் செல்வது வழக்கம். 1800ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்நூலில் தலைவி இறைவன்மேற் காதல் கொள்கிறாள், குறத்தி வருகிறாள், குறி சொல்கிறாள். மரபு மாறவில்லை. ஆனால் இடையே சாத்திரியார் கோப்பர்நிக்கஸின் வானியலைக் கொண்டுவந்து வைக்கிறார். கதிரவன் நடுவே நிற்க, பூமியும் ஏனைய கோள்களும் அதனைச் சுற்றிவரும் செய்தி தமிழ்க் குறவஞ்சியில் இசையோடு பாடப்படுகிறது. தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் சீர்திருத்தச் சபைப் பாதிரிமாரிடம் அவர் பெற்ற கல்வியின் பயன் அது.

இதில் எம்மை வியக்கவைப்பது காலக்கணக்கு. சாத்திரியார் பாடிய காலத்தில் கோப்பர்நிக்கஸின் நூலும் கலீலியோவின் நூலும் உரோமைத் திருச்சபையின் விலக்கப்பட்ட நூற்பட்டியலில் இருந்தன. பூமியின் இயக்கத்தைப் பேசும் நூல்களை அச்சிட உரோமை இசைந்தது 1822இல்தான். 1835இல் வெளியான பட்டியலில்தான் அவ்விருவர் நூல்களும் இடம்பெறாமற் போயின. ஒரே வேதத்தை ஓதும் இரு சபைகளுள் ஒன்று விலக்கிவைத்ததை மற்றொன்று தமிழ்நாட்டில் பாடிப் பரப்பியது. பரப்பியதற்கும் ஒரு நோக்கம் இருந்தது. மேருமலையும் ஏழு கடலும் பொய் என்று காட்ட அக்காலப் பாதிரிமாருக்குப் புதிய வானியல் நல்ல படைக்கலமாயிற்று. யோசுவாவின் சொல்லுக்குக் கதிரவன் நின்றது என்று அவர்தம் வேதத்திலும் ஒரு செய்தி உண்டு. கலீலியோவின் காலத்தில் அவருக்கு எதிராக எடுத்தாளப்பட்டதும் அதே செய்திதான். கத்தி ஒன்று; பிடிக்கும் கைக்கேற்ப வெட்டும் இடம் மாறுகிறது.

திருச்சபை வானியலையே வெறுத்தது என்பாரும் உளர். அது சரியன்று. இளவேனிற்காலச் சமநாளுக்குப் பின்வரும் முழுநிலாவை ஒட்டிய ஞாயிறே ஈஸ்டர் பெருநாள் என்பதால், கதிரவன், நிலவு ஆகிய இரண்டின் கணக்கும் அவர்களுக்கு வழிபாட்டுத் தேவையாயிற்று. 1582இல் போப்பாண்டவர் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தியது இதன்பொருட்டே. கலீலியோ தண்டிக்கப்பட்டு 22 ஆண்டுகள் கழித்து, 1655இல், போப்பாண்டவரின் ஆட்சிக்குட்பட்ட பொலோஞா நகரின் பெருங்கோயிலில் காசினி என்னும் வானியலறிஞர் தரையில் நீண்ட கோடொன்று இழைத்தார். கூரைத் துளை வழியே விழும் நண்பகல் ஒளி அக்கோட்டின்மேல் நாள்தோறும் இடம்பெயர்வதைக் கொண்டு ஆண்டின் நீளம் அளக்கப்பட்டது. இதனைப் படிக்கும்போதெல்லாம் எமக்கு நினைவுக்கு வருபவர் இப்னு ஷாத்திர். 14ஆம் நூற்றாண்டில் தமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்துத் தரும் முவக்கித் பொறுப்பில் இருந்தவர். நிலவின் இயக்கத்துக்கு அவர் வகுத்த கணிதமும், சுமார் இருநூறு ஆண்டுகளுக்குப்பின் கோப்பர்நிக்கஸ் தம் நூலில் தரும் கணிதமும் ஒத்திருப்பதை அறிஞர்கள் காட்டியுள்ளனர். கோப்பர்நிக்கஸ் தாமும் ஒரு பேராலயத்தின் ஆட்சிக் குழுவில் அங்கம் வகித்தவர். 1543இல் வெளிவந்த தம் நூலைப் போப்பாண்டவருக்கே காணிக்கையாக்கியவர்.

அவ்வாறாயின் கலீலியோவுக்கு நேர்ந்தது என்ன? அரசியலும் மனக்கசப்பும் அதிற் கலந்திருந்தன. அவற்றை ஒதுக்கிப் பார்த்தால் எஞ்சுவது வேதத்தை எவ்வாறு படிப்பது என்னும் சிக்கல். 1615இல் கர்தினால் பெல்லார்மின் எழுதிய மடல் ஒன்று கிடைத்துள்ளது. பூமி சுற்றுகிறது என்பதற்கு ஐயந்திரிபற்ற சான்று கிடைக்குமாயின், மாறாகத் தோன்றும் வேத வசனங்களை மிக்க விழிப்போடு மீண்டும் விளக்க வேண்டியிருக்கும். எமக்குப் பொருள் விளங்கவில்லை என்று சொல்வதே அப்போது தக்கது. ஆயின் அத்தகைய சான்றைத் தாம் கண்டதில்லை என்பது அம்மடலின் சாரம். சான்றைப் பொறுத்தமட்டில் அவர் கேட்டது முறையான கேள்வி. கடலின் ஏற்றவற்றத்தைக் கலீலியோ பெருஞ்சான்றாகக் காட்டினார். அது பிழையான சான்று. விண்மீன்களின் நுண்ணிய இடமாற்றத்தை அளந்து பெஸ்ஸல் வெளியிட்டது 1838இல்தான். மறுபுறம், அதே 1615இல் இளவரசி கிறிஸ்டினாவுக்கு எழுதிய நீண்ட மடலில் கலீலியோ, வேதம் அருளப்பட்டது மனிதன் ஈடேறுவதற்கே அன்றி வானத்தின் அமைப்பைக் கற்பிப்பதற்கு அன்று என்று வாதிட்டார். அது முறையான விடை. கர்தினால் அறிவியலில் நன்கு கேட்டார். அறிவியலார் இறையியலில் நன்கு சொன்னார். காலம் இருவரையும் இடம் மாற்றி நிறுத்திவிட்டது போலும்!

கலீலியோ அம்மடலில் துணைக்கு அழைத்த பெரியோருள் தலையாயவர் புனித அகுஸ்தீன். தொடக்கநூலுக்கு 5ஆம் நூற்றாண்டில் அவர் எழுதி முடித்த விரிவுரையில் ஓர் எச்சரிக்கை உண்டு. விண்ணைப் பற்றியும் கோள்களைப் பற்றியும் பிற சமயத்தார் கணக்காலும் காட்சியாலும் உறுதியாக அறிந்திருக்கும்போது, கிறித்தவன் ஒருவன் வேதத்தின் பெயரால் அப்பொருளில் பிதற்றினால், கேட்போர் நகைப்பர். நகைப்பு அவனோடு நில்லாது வேதத்தைச் சாரும். பின்னர் அதே வேதம் மறுமையைப் பற்றிச் சொல்வதை அவர்கள் எவ்வாறு நம்புவர் என்று அவர் வருந்துகிறார்.

வேதத்தைக் கொண்டு அறிவியலை மறுப்பது ஒருவகைப் பிழை. அறிவியலைக் கொண்டு வேதத்தைத் தாங்கிப் பிடிப்பது மற்றொரு வகை. முன்னதைக் கண்டிக்க ஆயிரம் பேர் உளர். பின்னது நற்பணி போலத் தோன்றுவதால் தப்பிவிடுகிறது. கோள்களின் பாதையில் சிறு பிறழ்ச்சிகள் சேர்ந்து வளருமாதலின், இறைவன் ஒருகாலத்தில் அவற்றைச் சீர்செய்ய வேண்டிவரும் என்று நியூட்டன் எழுதினார். இறைவனுக்கு இன்றியமையாத இடமொன்றைக் காட்டிவிட்டதாக நல்லோர் மகிழ்ந்தனர். திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய கடிகாரத்தைச் செய்தவன் சிறந்த வினைஞன் ஆவானா என்று லைப்னிட்ஸ் எள்ளினார். பின்னர் வந்த லாப்லாஸ், அப்பிறழ்ச்சிகளுள் முதன்மையானவை தாமே ஏறி இறங்கும் இயல்பின என்று கணக்கிட்டுக் காட்டவே, நியூட்டன் ஒதுக்கிவைத்த அந்த இடம் இல்லாமற் போயிற்று.

இவ்விரண்டாம் பிழையைத் தம் வாழ்நாளில் நேருக்குநேர் கண்டு தடுத்தவர் ஒருவர் உண்டு. இக்கட்டுரையை யாம் எழுதப் புகுந்ததே அவர்பொருட்டுத்தான். ஜார்ஜ் லெமைத்ர் 1894இல் பெல்ஜியத்தின் சார்லரோய் நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றினார். 1923இல் கத்தோலிக்கக் குருவானார். கேம்பிரிட்ஜில் எடிங்டனிடம் பயின்று, அமெரிக்காவிலும் கற்று, 1925இல் லூவேன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். நீண்ட கறுப்பங்கியோடு கரும்பலகைமுன் நிற்கும் அவருடைய நிழற்படங்களை மாணவர் நூல்களில் காணலாம். 1927இல் பிரெஞ்சு மொழியில் அவர் வெளியிட்ட கட்டுரை, பேரண்டம் விரிந்துகொண்டிருக்கிறது, தொலைவு மிகுந்தோறும் விண்மீன் மண்டலங்கள் விலகும் வேகமும் மிகும் என்று கணக்கிட்டுக் காட்டியது. பிரஸ்ஸல்ஸ் இதழொன்றில் வெளியான அதனைப் படித்தோர் சிலரே. அவ்வாண்டு அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கு சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்னும் பொருள்படச் சொன்னார். அமெரிக்க வானியலார் ஹபிளின் அளவீடுகள் 1929இல் வெளிவந்தபின் உலகம் திரும்பிப் பார்த்தது. நெடுங்காலம் ஹபிளின் பெயரை மட்டுமே தாங்கியிருந்த அந்த விதியில் லெமைத்ரின் பெயரையும் சேர்த்து வழங்குமாறு அனைத்துலக வானியல் ஒன்றியம் 2018இல் பரிந்துரைத்தது.

விரிவது உண்மையாயின் பின்னோக்கிச் சென்றால் சுருங்க வேண்டுமன்றோ? 1931 மே மாதம் நேச்சர் இதழில் லெமைத்ர் ஒரு குறிப்பு எழுதினார். ஒரு பக்கத்துக்கும் குறைவு. பேரண்டத்தின் ஆற்றல் முழுவதும் தொடக்கத்தில் ஒற்றைத் துணுக்காய்ச் செறிந்திருந்திருக்கலாம் என்பது அதன் கருத்து. பின்னாளில் பெருவெடிப்பு என்று பெயர்பெற்ற கொள்கையின் வித்து அது. அக்குறிப்பின் தட்டச்சுப் படியில் இறுதியாக ஒரு பத்தி இருந்தது. இறைவன் இயல்பாகவே மறைந்திருப்பவன் என்றும், படைப்பை மறைக்கும் திரையொன்றை இற்றை இயற்பியல் தருவதைக் கண்டு நம்பிக்கையாளர் மகிழலாம் என்றும் அதில் எழுதியிருந்தார். அச்சுக்கு அனுப்புமுன் அப்பத்தியை அவரே கோடிட்டு அடித்துவிட்டார்.

அடித்த அப்பத்தியையே யாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். அதில் இறைமறுப்பு ஏதுமில்லை; பக்தியே ததும்புகிறது. மேலும், அறிவியல் இறைவனைக் காட்டிக்கொடுக்கிறது என்று அவர் எழுதவில்லை; மறைக்கிறது என்றே எழுதினார். அதுவுங்கூட அறிவியல் இதழில் இருத்தல் தகாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

குருவானவர் ஒருவர் உலகுக்குத் தொடக்கம் கற்பித்தால் ஐயுறாதார் யார்? தொடக்கமும் முடிவுமற்ற பேரண்டத்தை 1948இல் முன்மொழிந்தோருள் ஒருவராகிய ஃபிரெட் ஹாயில், 1949இல் வானொலி உரையொன்றில் எதிர்க்கொள்கைக்குப் பெருவெடிப்பு என்று பெயரிட்டார். அந்நிலையில், 1951 நவம்பர் 22ஆம் நாள், போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கானின் அறிவியற் கழகத்தில் உரையாற்றினார். ஒளி உண்டாகுக என்ற ஆதி ஆணைக்கு இன்றைய அறிவியல் சாட்சி சொல்கிறது என்னும் போக்கில் அவ்வுரை அமைந்தது. லெமைத்ர் 1936 முதல் அக்கழகத்தின் உறுப்பினர். தம் கொள்கையைத் தம் திருச்சபையின் தலைவரே உச்சிமேல் வைத்துப் போற்றும்போது எவர் உள்ளம் குளிராது? லெமைத்ர் கலங்கினார். அது மெய்ப்பிக்கப்படாத ஒரு கருதுகோள்; நாளை சாயுமாயின் அதன்மேல் சாய்த்துவைத்த வேதத்தின் கதி என்ன? வத்திக்கான் வானாய்வகத்தின் தலைவராகிய இயேசு சபைக் குரு ஓகானலோடு அவர் இதுபற்றிக் கலந்து பேசினார். 1952 செப்டம்பரில் உரோமையில் கூடிய வானியலார் மாநாட்டினர்முன் போப்பாண்டவர் மீண்டும் உரையாற்றியபோது, அத்தகைய சான்றுரை அதில் இடம்பெறவில்லை.

1958இல் பிரஸ்ஸல்ஸ் மாநாடொன்றில் லெமைத்ர் தம் நிலையை வெளிப்படையாகவே சொன்னார். தம் கொள்கை சமய வினாக்களுக்கு முற்றும் புறம்பானது. இறைவனை மறுப்பவர் மறுக்கலாம். நம்புபவர்க்கோ அது ஏசாயா தீர்க்கதரிசி சொல்லும் மறைந்திருக்கும் இறைவனோடு இயைந்தே செல்கிறது என்றார். இதற்கு ஆழ்ந்த இறையியல் வேர் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ், உலகுக்குக் காலத்தில் தொடக்கம் உண்டென்பதை நம்பிக்கையால் ஏற்கலாமேயன்றி அறிவால் நிறுவ இயலாது என்று எழுதினார். தொடக்கமற்ற உலகமாயினும் அது படைக்கப்பட்ட உலகமே. ஏனெனில் படைப்பு என்றோ ஒருநாள் நடந்த நிகழ்ச்சி மட்டுமன்று. ஒவ்வொரு கணமும் உலகம் இறைவனைச் சார்ந்து நிற்கும் நிலை. நம் கலாம் அறிஞர் பலர் தொடக்கத்தை அறிவால் நிறுவலாம் என்று வாதிட்டவர். இப்புள்ளியில் தோமா அவர்களின் எதிரணியில் நின்றார். எவ்வணி சரி என்பதை வல்லார் ஆய்க. தொடக்கக் கணக்கும் படைப்பு நம்பிக்கையும் ஒன்றல்ல என்ற தெளிவு லெமைத்ருக்கு இம்மரபில் வாய்த்தது.

பெருவெடிப்பின் எஞ்சிய வெப்பத்தை நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் ஆகிய இருவரும் கண்டறிந்த செய்தி 1965இல் வெளியாயிற்று. நோயுற்றிருந்த லெமைத்ருக்கு அவருடைய உதவியாளர் அதனைத் தெரிவித்தார். 1966 ஜூன் 20இல் லெமைத்ர் காலமானார். இன்று பேரண்டத்தின் அகவை சுமார் 1380 கோடி ஆண்டுகள் எனக் கணக்கிடுகின்றனர். ஆயினும் அதற்கு முன்னர் ஏதேனும் இருந்ததா என்னும் வினா இயற்பியலார்க்குள்ளேயே தீரவில்லை. அவர் அஞ்சியதில் பொருள் இருந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் மீலாது விழாப் பேச்சுப் போட்டிக்கு எழுதிய உரையைத் தமிழ் நடை திருத்தித் தருமாறு எம்மிடம் கொணர்ந்தார். வானமும் பூமியும் இணைந்திருந்து பிரிக்கப்பட்டமை பற்றிய அல்அன்பியா அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தைக் காட்டி, பெருவெடிப்பைத் திருக்குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது என்று முடித்திருந்தார். பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகைல் 1976இல் எழுதிய நூலுக்குப்பின் இவ்வகைப் பேச்சு உலகெங்கும் பெருகிவிட்டது. நடையில் திருத்த அதிகமில்லை. "இக்கொள்கையை அறிவியலார் நாளை மாற்றினால் வசனத்தை என்ன செய்வீர்?" என்று மட்டும் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அப்படியானால் இதைப் பேசக் கூடாதா ஐயா?" என்றார். அவ்வசனத்துக்குத் தபரீ தம் விரிவுரையில் தொகுத்துள்ள விளக்கங்கள் பலவென்றும், வானம் மழைக்காகவும் பூமி பயிருக்காகவும் திறக்கப்பட்டன என்பது அவற்றுள் ஒன்றென்றும் எடுத்துரைத்தோம். பெருவெடிப்பை அறியாமலே ஆயிரம் ஆண்டுகள் அவ்வசனத்தை ஓதி உள்ளம் நெகிழ்ந்தவர்கள் நம் முன்னோர்.

இச்செய்தி எவ்வாறோ வெளியே சென்றது. எம்மீது அன்புடைய ஊர்ப் பெரியவர் ஒருவர் அழைத்து, "பிள்ளைகள் காலேஜுக்குப் போய் ஈமானை விட்டுவிடுவார்களோ என்றுதான் எங்களுக்குப் பயம். இந்தப் பேச்சுகள் அவர்களைப் பிடித்து நிறுத்துகின்றன. அதையும் ஏன் தம்பி கெடுக்கிறீர்கள்?" என்றார். அவர் அச்சம் பொய்யன்று. பிள்ளைகளைப் பெற்ற எவர்க்கும் அவ்வச்சம் உண்டு. அவர்முன் லெமைத்ரைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று கருதி, இமாம் கஸ்ஸாலியைப் பற்றிச் சொன்னோம். தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலின் முன்னுரையிலேயே இமாம், கிரகணம் நிகழ்வதற்கான கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான், பகைவர் செய்யும் தீங்கினும் அது பெரிது என்கிறார். அகுஸ்தீன் சொன்னதும் இதுவே.

பின்னர், பெரியவர் நன்கறிந்த ஒரு நிகழ்ச்சியையே அவருக்கு நினைவூட்டினோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் பச்சிளம் பருவத்தில் மறைந்த நாளில் மதீனாவில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கி.பி. 632 ஜனவரி 27 என்று வானியலார் அதனைக் கணிக்கின்றனர். குழந்தையின் மறைவுக்காகவே கதிரவன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். அப்பேச்சை அவ்வாறே விட்டிருந்தால் எத்தனை பேர் உள்ளம் அன்று உறுதிப்பட்டிருக்கும்! நாயகம் அதனை ஏற்கவில்லை. கதிரவனும் நிலவும் இறைவனின் அத்தாட்சிகளுள் இரண்டு, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று அறிவித்து, தொழுகையில் நின்றார்கள். மகனை அடக்கிய துயரத்தினிடையே சொன்ன சொல் அது. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை.

மாணவர் தம் உரையை மாற்றி எழுதிக் கிரகண நிகழ்ச்சியையும் லெமைத்ர் அடித்த பத்தியையும் வைத்துப் பேசினார். பரிசு கிடைக்கவில்லை. கேட்டிருந்த பெரியவர், கூட்டம் கலைந்தபின் அவரைத் தேடிச் சென்று உரையின் படியொன்றை வாங்கிக்கொண்டார். பெல்ஜியத்துப் பாதிரியாரின் பெயரை மட்டும் எப்படி உச்சரிப்பது என்று எம்மிடம் இருமுறை கேட்டறிந்தார்.